நாலு மணிப் புளோவர்

நாலு மணி என்றால் நாலு மணிதான் என்று வாசல் படலையில் மணிக்கூட்டோடு நிற்கிற மனுசனை உங்களுக்குப் பிடிக்குமா?

எங்கள் ஊரில் ஒருவருக்கும் பிடிக்காது. சோமசேகரம் அண்ணைக்கு நாங்கள் வைத்த பெயரே நாலுமணியார்தான்.

விவசாயச் சங்கத்துக்கு இருந்தது ஒரேயொரு புளோவர். முதுகில் கொழுவிக்கொண்டு மருந்தடிக்கிற மெசின். அது அவருடைய பொறுப்பில். காலையில் கொண்டுபோனால் பின்னேரம் நாலு மணிக்குத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிந்தினால் படலையிலேயே பேச்சு விழும்.

"போன கிழமை எனக்கு என்ன பேச்சுப் பேசினவர் தெரியுமே?" பக்கத்து வீட்டு மகாதேவி அக்கா வேலிக்கு மேலால் கேட்டா. "பத்து நிமிசம்தான் பிந்தினது. உந்த மெசின் என்ன, நேரத்துக்குப் பால் குடிக்கிற பிள்ளையோ?"

"குடிக்கிறது மண்ணெண்ணெய் அக்கா. அதுதான் அவருக்கும் அந்தக் காரம்."

தடையால் பெற்றோலும் மெசின் சாமான்களும் ஊருக்கு வராத காலம் அது. நாலு துளி பெற்றோல் விட்டு இழுத்து, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். கரி கட்டாமல் என்ன செய்யும்?

அன்றைக்கு எங்கள் முறை. முந்திரிகைப் பந்தலில் திராட்சை இலைகளுக்கு அடியில் வெள்ளை நோய் பூத்திருந்தது. குலை பிடித்த நேரம். அன்றைக்கே அடித்து முடிக்காவிட்டால் குலையெல்லாம் கறுத்துக் கொட்டிவிடும். அடுத்த முறை வரப் பன்னிரண்டு நாள்.

மூன்று மணிக்கு, பாதிப் பந்தலில், மெசின் இருமியது. நின்றது.

இவர், என் கணவர், கயிற்றை இழுத்தார். இழுத்தார். தோள் கழன்றதுதான் மிச்சம்.

"இஞ்சேரும், இது சரிவராது. நாலுக்குள்ளை குடுத்திட்டு வருவம்."

"பாதிப் பந்தலை நோய்க்கு விட்டிட்டோ? இறக்குங்கோ கீழை."

"நீர் என்ன செய்யப்போறீர்?"

"எங்கடை ஐயான்ரை இறைப்பு மெசினுக்கு நான் செய்யிறதைத்தான். நீங்கள் ஏணையை ஆட்டுங்கோ, பிள்ளை எழும்பப் போறான்."

வேலிக்கு மேலால் சிரிப்புக் கேட்டது. "எடியேய், சோறு காய்ச்சிற கையாலை எஞ்சினோ?"

"சோத்துப் பானையிலை பிடிக்கிற கரிதானேயக்கா இதிலையும்!"

சூடு ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன். வாய் நிறையக் கரி. மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பல் தீட்டித் தேய்ந்த பிரஷ்ஷால் உரஞ்சி, ஊசியால் சுரண்டினேன். எயார் பில்ரரின் பஞ்சைச் சவர்க்காரத் தண்ணியில் அலசிப் பிழிந்து வெயிலில் போட்டேன். புகைக்குழாய்க்குள் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்த, கட்டி கட்டியாக விழுந்தது. எண்ணெய் ராங்கியில் கிடந்த மண்ணெண்ணெயை வடிகட்டப் பிள்ளையின் நாப்கின் ஒன்றை எடுத்தேன்.

"அது தோய்ச்சதோ?" என்றார் இவர்.

"மணந்து பாருங்கோ."

கடைசியில் பிளக்கை எஞ்சினோடு தொட்டுப் பிடித்துக்கொண்டு, கயிற்றை இழுக்கச் சொன்னேன். பளிச்சென்று நீலப் பொறி!

பூட்டினேன். நாலு துளி பெற்றோல். முதல் இழுவைக்குச் செருமியது. இரண்டாவதுக்குப் பிடித்து வீசிய காற்றில் மகாதேவி அக்காவின் கொடியில் கிடந்த சீலை பறந்து சுழன்று வேலிக்கு இங்கால் வந்து விழுந்தது.

"ஐயோ, என்ரை சீலை!"

"எடுத்துத் தாறன் அக்கா, இப்ப மெசினை நிப்பாட்டேலாது!"

இவர் சிரித்த சிரிப்பில் ஏணையில் கிடந்தவன் எழும்பிவிட்டான். அழவில்லை. அவனும் சிரித்தான்.

கடைசி முந்திரிகைக் கொடியும் நனைந்தபோது ஐந்தரை.

நானே புளோவரை முதுகில் கொழுவிக்கொண்டு புறப்பட்டேன். இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலை மட்டும் வந்து வழியனுப்பினார்.

"நில், நானும் வாறன்," என்றா மகாதேவி அக்கா. "நாலுமணியாரை இண்டைக்கு ரெண்டு கேள்வி கேக்காமல் விடமாட்டன்."

அவர் படலையில்தான் நின்றார். அவர் வாய் திறக்கமுன் அக்கா தொடங்கிவிட்டா.

"அண்ணை, மூலையிலை வைக்கிற மெசினுக்கு ஏன் இந்த அவதி? பந்தலிலை நிண்டால் என்ன, உங்கடை மூலையிலை நிண்டால் என்ன?"

அவர் என் முதுகில் இருந்து புளோவரை இறக்கினார். மடியில் இருந்து பிளக் கழற்றுகிற சாவியை எடுத்து அதன் பிளக்கைக் கழற்றினார். அதைக் கையில் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார்.

நாங்களும் பின்னால் ஓடினோம்.

கிணற்றுக் கட்டில் அவருடைய சொந்த இறைப்பு மெசின். பிளக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. அதில் பூட்டி இழுத்தார்.

ஒரே இழுவை! தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. மிளகாய்த் தோட்டத்தின் கடைசி வரிசைகள் தலை தொங்கிக் கிடந்தன.

"சங்கத்து மெசின்ரை பிளக் எரிஞ்சு ரெண்டு மாசம், பிள்ளை. நெல்லியடிக் கடையள் வரைக்கும் போய்க் கேட்டுப் பாத்திட்டன், இல்லை. நாலு மணிக்குத் தொடங்கினால்தான் இருட்ட முன்னம் இறைச்சு முடிக்கலாம்."

மகாதேவி அக்கா சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றா.

அவர் மெசினையே பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு நாளும் உப்பிடி ஒரே இழுவையிலை எடுத்ததில்லை. ஆர் பிளக்கைத் துடைச்சது?"

"உவள்தான்!" அக்கா முந்திக்கொண்டு சொன்னா, தானே துடைத்த மாதிரி.

"கெட்டிக்காரி." பிறகு குரலைத் தணித்தார். "பிள்ளையள், என்ரை பிளக்கிலைதான் ஓடுது எண்டு தெரிஞ்சால் கூச்சத்திலை ஒருத்தரும் மெசின் கேட்டு வராயினம். உந்தப் பிளக்கின்ரை கதையை வெளியிலை விட்டிடாதேங்கோ."