காயாத மை

பேனர் கடையில் பிரிண்டிங் மெஷினை ஓட்டுபவள் ஞானசெல்வி. அன்று வந்த படத்தைத் திரையில் திறந்ததும் அவள் கை நின்றுவிட்டது. அவளுடைய தம்பி ஜெரால்டை வெட்டிக் கொன்றவன் ஜாமீனில் வருகிறான். 'வருக வருக' என்ற எழுத்துக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்கள் வாசலில் காத்திருந்தார்கள். அவர்களிடம் முடியாதென்று சொல்ல முதலாளி அல்போன்ஸுக்குத் துணிவில்லை.

அவளும் மறுக்கவில்லை. மையைக் காயவைக்கும் புற ஊதா விளக்கை மட்டும் அணைத்துவிட்டு மெஷினை ஓட்டினாள். அந்த ஒளி படாமல் அந்த மை காயாது.

அல்போன்ஸ் பேனரைத் தொட்டார். படத்திலிருந்தவனின் கன்னத்து நிறம் விரலோடு வந்தது.

"லைட்டு போட மறந்துட்டியா பிள்ள?"

"மறக்கலண்ணே."

ஜெரால்டின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். ஈர மை அப்பிக்கொள்ளும்படி பேனரைத் தன் கையால் இறுக்கிச் சுருட்டி, வெளியே கொண்டுபோய்க் கொடுத்தார்.

"கட்டுற எடத்துல போயி பிரிங்க."

வண்டி கிளம்பிப் போனது.

"நீ பின்வாசல் வழியா கெளம்பு. வீட்டுக்குப் போவாத. அம்மையக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிரு."

"நீங்கண்ணே?"

"வந்து கேட்டா பதில் சொல்ல ஒருத்தன் இருக்கணும்லா."

நாற்காலியை வாசலைப் பார்க்க இழுத்துப்போட்டு அல்போன்ஸ் உட்கார்ந்தார்.