வக்கீல் வீட்டுத் தவளைகள்

“ஏம்மா பாலாம்பா, இது வீடா, இல்லே ரேக்ளா வண்டி ஓடற மைதானமா? நாளைக்கும் இந்தக் கூத்து நடந்தா, வீட்டைக் காலி பண்ணிடணும்!”

மாடியிலிருந்து இறங்கி வந்து கத்தினார் வீட்டுக்காரர் ஹாலாஸ்யம். அவர் பகலில் கண்ணயர்ந்தால் லட்சுமிபுரம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கீழே குடியிருக்கும் பாலாம்பாள், வக்கீல் பஞ்சாபகேசனின் மனைவி. பிள்ளை குட்டி கிடையாது. அந்தக் குறையோ என்னவோ, கொஞ்ச நாளாகத் தெருவிலுள்ள வாண்டுகளையெல்லாம் கூடத்தில் சேர்த்துக்கொண்டு குதிக்கிறாள். வக்கீல் ஏதோ பெரிய ஜமீன் கேஸுக்காக ராமநாதபுரம் போயிருக்கிறாராம். அவர் இல்லாத தைரியம் என்றாள் எதிர்வீட்டு ஸ்யாமளா. ஊர் வம்பு நமக்கெதற்கு? ஆனாலும், ஜன்னல் திறந்திருந்தால் கண்ணில் படத்தானே செய்யும்!

ஆட்டம் இதுதான். பாலாம்பாள் “தவளை!” என்பாள். வாண்டுகள் “தவளை!” என்று கத்திக்கொண்டே தத்தும். “யானை!” என்றால் கையைத் தும்பிக்கையாக ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டும். “குதி!” என்று யார் சொன்னாலும் சரி, அங்கே இருப்பவர்கள் அத்தனை பேரும் குதித்தாக வேண்டும். குதிக்காதவருக்குச் சீடை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், குழந்தைகளைப் பார்த்துச் சொல்லமாட்டாள். சாத்தியிருக்கும் உள்ளறைக் கதவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். ஊரிலில்லாத புருஷனின் அறைமேல் அவ்வளவு பக்தி!

“பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கோங்கோ மாமா” என்றாள் பாலாம்பாள்.

பால் ஊற்ற வந்த ஒச்சாயி குறுக்கே புகுந்தாள். “வையாதீங்க சாமி. எம் மக இருளாயி மூணு வயசாகியும் வாயே தொறக்கல. இங்கன வந்து குதிச்சுக் குதிச்சு இப்ப எம்புட்டுப் பேச்சுப் பேசுது தெரியுமா?”

“உன் மக பேசட்டும், நான் தூங்க வேண்டாமா? வக்கீல் வரட்டும், அவர்கிட்டயே கேக்கறேன். கோர்ட்டுல அவர் தொண்டையைத் தெறந்தா வைகைக்கு அந்தண்டை கேக்கும். அந்த மனுஷன் பெண்டாட்டி இப்படியா?”

“காலி பண்ணச் சொல்லாதீங்கோ மாமா. இப்ப எங்களால வேற வீடு போக முடியாது.”

“எங்களாலயா? நீ ஒருத்திதானே இருக்கே?”

பாலாம்பாளின் பார்வை உள்ளறைக் கதவுக்குப் போயிற்று. உள்ளறையிலிருந்து ஒரு குரல் கரகரவென்று திக்கித் திக்கி வந்தது.

“கு... கு... குதி!”

வாண்டுகள் குதித்தன. ஹாலாஸ்யம் பாய்ந்துபோய்க் கதவைத் தள்ளினார்.

சாய்வு நாற்காலியில் வக்கீல் பஞ்சாபகேசன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. இடது கை மட்டும் நாற்காலிச் சட்டத்தின்மேல் தவளைபோல் தத்திக்கொண்டிருந்தது.

“பக்கவாதம், மாமா. கட்சிக்காரா காதுல விழுந்தா ஒரு கேஸும் மிஞ்சாதுன்னு மறைச்சேன். நான் தனியாச் சொல்லிக் குடுத்தா வெட்கப்பட்டார். குழந்தைகள் கத்தினா கூடவே முனகிப் பார்ப்பார். இன்னிக்குத்தான் முதல் வார்த்தை வந்திருக்கு!” பாலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பஞ்சாபகேசன் வீட்டுக்காரரை உறுத்துப் பார்த்தார்.

“குதி!” என்றார் மறுபடி, இந்தத் தடவை கொஞ்சம் கோர்ட்டுக் குரலில்.

ஹாலாஸ்யம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார்.