பாலம் எரிந்த அத்தியாயம்

"இந்த இருட்டு மூலையில உக்காந்து எப்படித்தான் படிச்சாளோ" என்று முணுமுணுத்தபடி, மனைவி கொரின் வழக்கமாக உட்காரும் நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டான் வெண்டல். பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மிசஸ் ஹோஸ்டெட்டர் எந்த நிமிஷமும் வந்துவிடுவார். பென்சில்வேனியாவில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறவர்கள், வருஷம் முடிகிறபோது ஓர் ஆசிரியரை அழைத்துப் பிள்ளைகளின் பாடங்களைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இத்தனை வருஷமும் அதைக் கொரின் பார்த்துக்கொண்டாள். போன குளிர்காலத்தில் சர்க்கரை நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

வெண்டல் நாற்காலியில் உட்கார்ந்து வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தான். இரண்டு வரி உரக்கப் படித்துவிட்டு எழுந்தான். சன்னல் வழியே தெருவைப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"அப்பா, நீங்க படிக்கிறது லாரி ஸ்டார்ட் ஆகற மாதிரி இருக்கு" என்றாள் மூத்தவள் தபிதா.

"ஸ்டார்ட் எங்க ஆகுது?" என்றான் தம்பி ஜோயல்.

வெண்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. கொரின் இருந்தவரை அவன் நெடுந்தூர லாரி ஓட்டியவன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து இரண்டு ராத்திரி தங்குவான். அவள் போன பிறகு ஊரிலேயே கிடங்கு வேலைக்கு மாறிவிட்டான். வேலை மாறியதில் வாசிப்பு வந்துவிடவில்லை.

அவள் இடத்தில் உட்கார்ந்து தன்னால் படித்துக் காட்ட முடியாது என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டால், செப்டம்பரில் இரண்டு பேரையும் ஒஹாயோவில் அக்கா லூயிஸ் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தான். அங்கே பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

வாசல் மணி அடித்தது.

மிசஸ் ஹோஸ்டெட்டர் காப்பி வேண்டாம் என்றார். கணக்கு, கட்டுரை எல்லாவற்றையும் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜோயலைக் கூப்பிட்டார். "நம்ம மாநிலத்துச் சரித்திரத்துல உனக்குப் பிடிச்சது ஒண்ணு சொல்லு, கேப்போம்."

"பாலம் எரிஞ்ச கதை" என்று உடனே ஆரம்பித்தான் ஜோயல். "உள்நாட்டுப் போர்ல தெற்குப் படை வந்துடுச்சு. சஸ்குவெஹான்னா ஆத்தைத் தாண்டிட்டா அவ்வளவுதான். அதனால நம்மாளுங்களே நம்ம பாலத்துக்குத் தீ வெச்சிட்டாங்க. மரப்பாலம், கூரை போட்டது. காத்துல தீ கரைக்குத் தாவி வீடெல்லாம் பிடிச்சுக்கிச்சு. அப்ப வாளி தூக்கிட்டு ஓடி வந்து அணைச்சது யாரு தெரியுமா?"

"யாரு?"

"அந்தத் தெற்குப் படைக்காரங்களேதான். எரிச்சது நம்மாளு, அணைச்சது எதிராளி."

மிசஸ் ஹோஸ்டெட்டர் சிரித்துவிட்டார். வெண்டல் தரையைப் பார்த்தான். போன இலையுதிர்காலத்தில் அதே ஆற்றுப் பாலத்தின் மேல் லாரியில் போகும்போது, இதே கதையைக் கொரின் போனில் சொல்லக் கேட்டிருக்கிறான். அன்றன்று நடந்த அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் அவனுக்குச் சொல்லுவாள்.

"இந்த வருஷத்துக்கு நான் தாராளமா கையெழுத்துப் போடறேன்" என்றார் மிசஸ் ஹோஸ்டெட்டர். "உங்க மனைவி போன வருஷம் சொன்னாங்க, சரித்திரத்துக்குப் பாடப்புத்தகமே கிடையாது, நல்ல கதைப் புத்தகமா உரக்கப் படிச்சே நடத்தறோம்னு. இனிமே யார் படிக்கப் போறது, வெண்டல்?"

"நான்தான்" என்றான். சொன்னதோடு நிற்காமல் புத்தகத்தையும் எடுத்தான்.

முதல் பத்தியிலேயே நாக்கு இடறியது. கால் அதுபாட்டுக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டான். மூன்றாவது வரி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மிசஸ் ஹோஸ்டெட்டர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்டல் புத்தகத்தை மூடினான்.

"பார்த்தீங்கல்ல. என்னால ஆகாது. அவ படிச்ச மாதிரி நான் படிக்கணும்னா இன்னொரு ஜென்மம் வேணும். அக்காகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன், ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகட்டும்."

"எங்களுக்கு யாரும் படிச்சுக் காட்ட வேண்டாம்" என்றாள் தபிதா. "நாங்களே படிச்சுக்குவோம்."

"நீ சும்மா இரு, தபி. அம்மா படிச்சதைக் கேட்டுத்தானே இவ்வளவும் வந்துச்சு."

"இந்த வருஷம் அம்மா எப்பப்பா படிச்சாங்க?" என்றான் ஜோயல்.

"ஜோயல், வேண்டாம்" என்று தபிதா அவன் கையைப் பிடித்தாள். "அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கோம்."

"அதுக்காக நம்மள ஒஹாயோவுக்கு அனுப்பிட விடறதா?" கையை உதறிக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றான். "நானும் அக்காவும் மாத்தி மாத்திப் படிச்சுக் காட்டுவோம். அம்மா கேட்டுக்கிட்டு, உங்ககிட்ட போன்ல சொல்லுவாங்க."

"அவளுக்கு எதுக்குடா நீங்க படிச்சுக் காட்டணும்?"

"போன கோடையிலயே அம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சுப்பா."