ஆடாத கம்பி

கண்ணுக்குத் தெரியாத துகள்களைப் பிடிக்க ஒரு பெட்டி செய்தார்கள். வாயு நிரப்புவதற்கு முன்னால், முடியைவிட மெல்லிய நூறு கம்பிகளை அதற்குள் இழுத்துக் கட்டினார்கள். அவற்றில் கடைசிக் கம்பிக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. யாரோ ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து வைத்ததும், "நீ எதுக்கு வந்தே?" என்று அதனிடமே கேட்டுவிட்டது.

"மின்சாரம் விடுவாங்க. நான் பக்கத்துல இருந்தா நீங்க அதிருவீங்க. அதை வெச்சு யார் எவ்வளவு இறுக்கம்னு பார்ப்பாங்க," என்றது காந்தம். "அதிரலைன்னா அறுந்துபோன கம்பின்னு வெட்டி எடுத்துடுவாங்க."

"அக்கா, கேட்டியா?" என்று பக்கத்துக் கம்பியிடம் கேட்டது கடைசிக் கம்பி.

"கண்டவங்க பேச்சை நான் கேக்கறதில்லை. கட்டின இடத்துல ஆடாம அசையாம நிக்கறதுதாண்டி கௌரவம்."

மின்சாரம் வந்தது. மற்றக் கம்பிகளெல்லாம் ஒவ்வொன்றாக ரீங்கரித்தன. அக்கா மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. பல் இருந்தால் கடித்திருக்கும்.

"கொஞ்சமாவது ஆடுக்கா," என்று கெஞ்சியது கடைசிக் கம்பி.

சோதித்த பெண் இன்னொரு முறை மின்சாரம் விட்டுப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். பிறகு மேசையிலிருந்த கட்டரை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் வந்தாள்.

"பாத்தியாடி?" என்றது அக்கா. "இத்தனை பேர்ல என்னைத்தான் தேடி வர்றா."