பம்படி முனீஸ்வரன்

முனீஸ்வரனின் வாயில் புகைந்துகொண்டிருந்த சுருட்டைப் பார்த்ததும் அழகப்பன் பதறி ஓடிவந்தார். பக்தியால் அல்ல. முனீஸ்வரனின் வயிற்றில் அரை டின் மண்ணெண்ணெய் இருப்பது அவருக்கும் அவர் மனைவி பூவம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்பது அவர் நினைப்பு.

"ஐயா, அந்தச் சுருட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க லா," என்றார் ஈனசுரத்தில்.

லாரியில் வந்திறங்கிய பெரியவர் சீறினார். "சாமி வாயில வெச்சதை எடுக்கச் சொல்றீங்களா? நேவல் பேஸ்ல என் மச்சானுக்கு வேலை வாங்கிக் குடுத்த சாமி இது!"

அழகப்பன் காவடிக் கம்பைத் தோளில் ஏற்றினார். இரண்டு பக்கமும் தண்ணீர் டின்கள் ஆட, கீரைப் பாத்தியைப் பார்த்து நடந்தார். சுமந்து சுமந்து ஆள் கருக்கரிவாள் மாதிரி வளைந்தே போயிருந்தார்.

எல்லாம் அவரே தேடிக்கொண்ட வினை. கிராஞ்சித் தோட்டங்களில் அந்த வருஷம் திருடர்கள் விட்டுவைத்தது காற்றையும் கொசுவையும்தான். மண்வெட்டி போயிற்று, கிணற்று வாளி போயிற்று. பூட்டுப் போட்டால் பூட்டும் சேர்ந்து போயிற்று. காவலுக்கு நாயைக் கட்டினால், நாயை விட்டுவிட்டுச் சங்கிலியை மட்டும் கொண்டுபோனார்கள். நாய்க்கு அதில் பரம சந்தோஷம்.

மிஞ்சியது புதுத் தண்ணீர்ப் பம்பு ஒன்றுதான். மழையோ மருந்துக்கும் இல்லை. டவுனில் குழாய்த் தண்ணீருக்கே முறை வைத்துவிட்டார்கள். பம்பு போனால் கீரை போகும், கீரை போனால் தேக்கா மார்க்கெட்டில் கடை போகும், கடை போனால் அடுப்பில் பூனைதான் படுத்துத் தூங்கும்.

ஒரு நாள் பொழுது சாய, அழகப்பன் பம்புக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணியைச் சுற்றி, பக்கத்தில் ஒரு சூலத்தையும் நட்டார்.

"போலீசுக்கு டிமிக்கி குடுப்பானுங்க பூவம்மா. முனிகிட்ட வாலாட்ட எவனுக்கும் தைரியம் வராது!"

மறுநாள் விடியலில் பார்த்தால், முன்பின் தெரியாத ஓர் ஆள் பம்பின் முன்னால் மண்டியிட்டிருந்தான். "யாருய்யா அது?" என்று அழகப்பன் போட்ட சத்தத்தில் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"சாமி கும்பிட வந்தேன்ணே! தங்கராஜுன்னு பேரு!"

அழகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ராத்திரியில் பக்தன் வந்துவிட்டானே! சாமி என்று ஆன பிறகு பூசை நடக்காவிட்டால் எவன் நம்புவான்? விபூதித் தட்டை அங்கேயே அவன் கையில் திணித்தார்.

"இனிமே நீதான் இங்க பூசாரி. மூணு வேளை சோறு என் பொறுப்பு."

தங்கராஜுவும் கருத்தான பூசாரிதான். யார் பால்குடம் கொண்டுவந்தாலும், எஞ்சின் பிளக் மேல் ஒரு வெற்றிலையைக் கவிழ்த்து மூடிவிட்டுத்தான் அபிஷேகம் செய்வான். ராத்திரிப் படுக்கையும் பம்படியிலேயே.

அதன் பிறகு தோட்டத்தில் ஒரு துரும்பு களவு போகவில்லை. ஆனால் முனியின் புகழ் காட்டுத்தீயாகப் பரவியது. டவுனிலிருந்து சிராங்கூன் ரோட்டு ஜனம் லாரி லாரியாக வந்து இறங்கியது. புகைக்குழாய்தான் சாமியின் வாய் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். பக்கத்துப் பன்றிப் பண்ணைச் சீனர்கூட ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, லாட்டரி நம்பர் கேட்டுப் பம்பில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஒரு தரம், பம்பை ஓடவிடலாம் என்று அழகப்பன் அதில் கயிற்றைச் சுற்றினார்.

"சாமி இடுப்புல கயிறு கட்டி இழுக்கிறான் பாரு!" என்று ஒரு லாரி ஜனமும் எழுந்து வந்தது. நேர்த்திக்கடன் என்று பொய் சொல்லித் தப்புவதற்குள் அவருடைய சட்டையில் பாதி போய்விட்டது. அன்றிலிருந்துதான் காவடிக் கம்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பொழுது மசங்கும்போது கடைசி லாரியும் கிளம்பியது. பூவம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க, தெக்கால பாத்தி மொத்தமும் கருகிடுச்சு. மிச்சத்தை உங்க பக்தருங்க மிதிச்சுட்டாங்க. நாளைக்குத் தேக்காவுக்கு எதைக் கொண்டு போறது? அரளி மாலையையா?"

அழகப்பன் கம்பைக் கீழே போட்டுவிட்டு, பூசாரியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். தங்கராஜுவும் விடியலிலிருந்து மணியடித்து, மந்திரம் சொல்லி, தொண்டை கட்டி, சாம்பலில் புரண்ட பூனை மாதிரி சுருண்டு கிடந்தான்.

"தங்கராஜு, உன்கிட்ட மறைக்க எனக்குத் தெம்பு இல்லப்பா. இது முனியும் இல்ல, சாமியும் இல்ல. வெறும் பம்பு. திருட்டுக்குப் பயந்து நான்தான் பொட்டு வெச்சேன்."

தங்கராஜு தன் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

"இது தொலைஞ்சாத்தான் ஜனம் வராது, பாதிக் கீரையாவது பிழைக்கும்," என்றார் அழகப்பன். "எவனாவது ஒரு புண்ணியவான் வந்து இதைத் திருடிக்கிட்டுப் போகக் கூடாதா?"

தங்கராஜு நீளமாக ஒரு கொட்டாவி விட்டான்.

"திருடத்தான்ணே வந்தேன், நீங்கதான் பூசாரி ஆக்கிட்டீங்க."