ஐந்தாவது பொந்தை

மத்தியானச் சாப்பாடு ஆனதும் ராமாமணி முக்காலி மேல் ஏறி நின்று, புதுப் பொந்தையைச் சுவர் ஆணிகளில் மாட்டினாள்.

கணபதி என்கிற ஊரில் அந்த நாயுடு வீட்டில் சங்கராந்தி நோம்பிக்குச் சுண்ணாம்பு அடித்து மாவிலை கட்டினால் மட்டும் போதாது. கூடத்துச் சுவர்களில் பொந்தைகள் தொங்க வேண்டும். பழைய சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, அடுக்கி, கையால் தைத்த கனத்த போர்வைகள் அவை. போர்த்திக்கொள்வதற்கு இல்லை, வந்த சனம் பார்ப்பதற்கு. அந்த வீட்டில் வாழ்ந்து செத்த மருமகள் ஒவ்வொருத்திக்கும் ஒன்று, அவளவள் சேலைகளில்.

ஏற்கனவே நாலு தொங்கின. இது ஐந்தாவது, பங்காரம்மாவுக்கு.

பங்காரம்மா, ராமாமணியின் புருஷன் திருமலைசாமிக்கு மூத்த சம்சாரம். மூன்று வருஷத்துக்கு முன்னால் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். ராமாமணி இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டுப் பத்து மாதம் ஆகிறது. இந்தப் பத்து மாதத்தில் புருஷன் அவளிடம் பேசியதையெல்லாம் ஒரு கார்டில் எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் மளிகைச் சாமானும் எழுதலாம். மில்லுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

செத்தவளை நினைத்து மருகுகிறார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை அவள். மூத்தவளுக்குத் தன் கையால் ஒரு பொந்தை தைத்து மாட்டினால், அதைப் பார்க்கிற சாக்கிலாவது அவர் தன் முகத்தைப் பார்ப்பார் என்று நம்பினாள்.

மாமியார் ரங்கம்மாளிடம் பயந்து பயந்துதான் கேட்டாள். அந்த அம்மாள் அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் திறந்து எட்டுச் சேலைகளை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வந்ததும் அவள்தான். தீபாவளியிலிருந்து மருமகளை அடுப்படிப் பக்கமே விடவில்லை. தினமும் சாயங்காலம் வந்து, எத்தனை வரிசை ஆச்சு, போகிக்குள் முடிந்துவிடுமா என்று மட்டும் கேட்பாள்.

இப்படி ஒரு மாமியார் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ராமாமணி அம்மா வீட்டுக்குக் கடிதம் எழுதினாள்.

இன்றைக்குப் போகி. காலையில் கடைசி ஓரத்தை மூடுவதற்கு முன், அந்த வீட்டு வழக்கப்படி ஒரு பிடி அரிசியை உள்ளே போட்டு, பெயரை மூன்று தரம் சொன்னாள். பங்காரம்மா, பங்காரம்மா, பங்காரம்மா. முடிச்சுப் போட்டு நூலை அறுத்தபோது மில்லில் எட்டு மணிச் சங்கு ஊதியது.

முக்காலியிலிருந்து இறங்கும்போதுதான் வாசலில் ஆள் நிற்பதைப் பார்த்தாள். முன்பின் பார்த்திராத ஆள். வேர்த்து விறுவிறுத்து நின்றான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. ரங்கம்மாளைப் பார்த்துத்தான் பேசினான்.

"அத்தைங்க, ஈரோட்லருந்து பங்காரக்கா தம்பி ராமுலு வந்திருக்கறனுங்க. அக்கா இன்னிக்குக் காலைல எட்டு மணிக்குத் தவறிப்போச்சுங்க. நல்லாத்தான் இருந்துச்சு. தை பொறந்ததும் இங்க வந்து, என்னைய ஏன் தள்ளி வெச்சீங்கன்னு ஊரைக் கூட்டி நாயங் கேக்கறேன்னு சொல்லீட்டு இருந்துச்சுங்க."

தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளாமல் திரும்பிப் போனான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்தவள் இன்று காலையில் எப்படிச் சாவாள்? ராமாமணி மாமியாரைப் பார்த்தாள்.

ரங்கம்மாள் அழவில்லை. எப்படி, என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே சுவரிடம் வந்து, நன்றாகக் கறந்த மாட்டைத் தடவிக் கொடுப்பதுபோல் பொந்தையைத் தடவினாள். அந்தக் கையைப் பார்த்ததும், தன்னை வைத்து என்ன வேலை நடந்திருக்கிறது என்று ராமாமணிக்குப் புரிந்துபோயிற்று.

தடவிக்கொண்டே போன கை நடுச் சதுரத்தில் நின்றது.

"இந்த வெள்ளைத் துணி யாருது, அம்மணி?"

அத்தனை சேலைக்கு நடுவில் மூத்தவள் ஒண்டியாக இருக்க வேண்டாமே, பக்கத்தில் ஒரு துணை இருக்கட்டும் என்று, போன வாரம் ராமாமணியாகத்தான் வெட்டிச் சேர்த்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

"அவுங்க வேட்டிங்க, அத்தை. மொதக் கல்யாணத்துக்குக் கட்டுனதுங்க."

ரங்கம்மாள் ஆணி தெறிக்கப் பொந்தையைப் பிடுங்கிக் கீழே போட்டாள். அதன் மேல் மண்டியிட்டுப் பல்லால் நூலைக் கடித்தாள். ராமாமணியும் பக்கத்தில் விழுந்து நகத்தால் பிரிக்கத் தொடங்கினாள். யாரும் யாரையும் திட்டவில்லை, அதற்கு நேரமும் இல்லை. அவர் மில்லிலிருந்து வரும் நேரம் தாண்டி அரைமணி ஆகியிருந்தது.

பிரிய மாட்டேன் என்றது. பேரன் பேத்தி காலம்வரைக்கும் இருக்கட்டும் என்று இரட்டை நூலில் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தாள்.

வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏனுங்க, மில்லுல வேலை பாக்கற திருமலைசாமி ஊடு இதுதானுங்களா?"