ஒரே ஒரு வண்டு

குப்பியில் வண்டு இல்லை.

தும்மலில் அதைத் தவறவிட்டவர் ஆய்வக உதவியாளர். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம்தான். இத்தனை வருட வேலையில், குப்பியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் தும்மியது இதுதான் முதல் தடவை.

"யாரும் இருந்த இடத்தை விட்டு நகராதீங்க," என்றார் அதிகாரி.

துறைமுகத்துக்கு வரும் தானியங்களைச் சோதித்து உள்ளே விடும் பெண் அதிகாரி அவர். மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் துண்டைச் சுருட்டித் திணித்தார்.

வண்டு எள்ளளவுதான். ஆனால் இந்த நாட்டில் இல்லாத வண்டு. வெளியே போய் நான்கு கிடங்குகளில் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டால், அப்புறம் இங்கிருந்து போகும் ஒரு மூட்டை அரிசியைக்கூட எந்தத் துறைமுகமும் வாங்காது.

அறையில் இருந்த மூன்றாவது ஆள் கடலை வியாபாரி. அவர் இறக்குமதி செய்த இருபது டன் கடலையில் அகப்பட்டதுதான் அந்த வண்டு. கண்டெய்னரைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்து கெஞ்சிப் பார்க்க வந்திருந்தார். வந்ததிலிருந்து ஒரே பாட்டு.

"ஒரே ஒரு வண்டுதானே மேடம். அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது."

திருப்பி அனுப்பும் உத்தரவோடு வண்டையும் நசுங்காமல் சேர்த்து அனுப்ப வேண்டும். வண்டு இல்லை என்றால் உத்தரவும் இல்லை. இது அதிகாரிக்குத் தெரியும். வியாபாரிக்கும் தெரியும்.

அதிகாரி வியாபாரியின் கால்களைப் பார்த்தார். படகு மாதிரி இரண்டு ஷூ.

"ஷூவைக் கழட்டுங்க."

கழற்றினார். இடது சாக்ஸின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

மூவரும் தரையில் மண்டியிட்டார்கள். அதிகாரி டார்ச் அடித்தார். உதவியாளர் அலமாரிக்கு அடியில் முனகிக்கொண்டே தடவினார். வியாபாரி தொப்பை தரையில் பட, கன்னத்தைச் சாய்த்துத் தேடினார். ஒரு தடவை மேஜைக்கு அடியில் அதிகாரியின் தலையும் வியாபாரியின் தலையும் முட்டிக்கொண்டன. இரண்டு பேருமே மன்னிப்புக் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. சட்டைகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன.

"மேடம்."

வியாபாரியின் குரல் அவருக்கே கேட்காத மாதிரி இருந்தது. குவித்த உள்ளங்கைகளைப் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு, முழங்காலிலேயே நகர்ந்து வந்தார். உள்ளே வண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி அதைக் குப்பிக்குள் தள்ளி மூடியை இரண்டு தடவை திருகினார். பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"மிதிச்சிருந்தா உங்க சரக்கு வெளிய போயிருக்குமே. ஏன் குடுத்தீங்க?"

"மிதிக்கத்தான் மேடம் தேடினேன். இவ்வளவு நேரம் தேடிப் பாத்ததும் மனசு வரல."

இவரைப் போய்த் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தோமே என்று அதிகாரிக்கு என்னவோ போலிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வியாபாரி அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இருபது டன் கடலை கப்பலேறித் திரும்பிப் போவது அவர் முகத்தில் தெரிந்தது.

அப்போது உதவியாளர் அழ ஆரம்பித்தார்.

"அவருக்கு இருக்கற நேர்மை எனக்கு இல்லாமப் போச்சே மேடம்."

பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தார். நடுவில் ஒரு வண்டு, அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"மண்டி போட்ட உடனேயே என் முட்டிக்கடியில மாட்டிக்கிச்சு. சொல்லப் பயமா இருந்துச்சு."

அதிகாரி கைக்குட்டையைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். குப்பிக்குள் இருந்தது உற்சாகமாகச் சுவரேறிக்கொண்டிருந்தது.



காலையில் கண்டெய்னருக்குள் இறங்கி, ஒவ்வொரு மூட்டையையும் தன் கையாலேயே புரட்டிப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்த வியாபாரி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத் தன் காலரைத் தடவிப் பார்த்தார்.